பழைய புல்லட் வண்டிகளின் மீட்டுருவாக்கமும் உதிரிபாகப் பொருத்தப்பாடும்: மேற்குச் சென்னைத் தொழிற்பகுதியை முன்வைத்து

முன்னுரை

சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியை அடுத்துள்ள ஊர் நசரத்பேட்டை. வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை இந்நெடுஞ்சாலையைச் சந்திப்பதும் இவ்வூரில்தான். இதன் வடக்கிலும் வடகிழக்கிலும் ஆவடி, அம்பத்தூர், பாடி ஆகிய பழைய தொழிற்பகுதிகளும், தென்மேற்கில் திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகிய புதிய தொழிற்பகுதிகளும் உள்ளன. திருவொற்றியூரில் தொடங்கிய புல்லட் மோட்டார் சைக்கிளின் உற்பத்தி 2013இல் ஒரகடத்திற்கும் விரிந்தது. இவ்விரு காலங்களுக்கும் இடைப்பட்ட வண்டிகள் சிதைவுறும்போது அவற்றுக்குரிய பாகங்களைத் தேடுவது பொறியியல் பணி மட்டுமன்று. எது மூல வண்டி என்னும் வரலாற்று வினாவும் அதில் அடங்கியுள்ளது. அவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கின்றது.

ஒரு வடிவமைப்பின் நீண்ட வாழ்வு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் உருவான புதிய புல்லட் 1949இல் சந்தைக்கு வந்தது. படைக்கும் காவல் துறைக்கும் ஏற்ற வண்டியாக இந்திய அரசு அதனைத் தேர்ந்து, 350 சிசி வண்டிகள் 800 வாங்க முற்பட்டது. இதன் தொடர்ச்சியாக, 1955இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தை ஏற்படுத்தின. முதலில் கப்பலில் வந்த பாகங்கள் இங்குக் கோக்கப்பட்டன. 1962அளவில் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே செய்யப்பட்டன.

இங்கிலாந்தில் வடிவமைப்பு தொடர்ந்து மாறியது. 1970களின் தொடக்கத்திற்குள் அங்கு என்ஃபீல்டு உற்பத்தியே நின்றுபோயிற்று. திருவொற்றியூரோ 1955ஆம் ஆண்டு வடிவமைப்பை அடிப்படையில் மாற்றாமல் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. 1977இல் இந்திய வண்டிகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. தாய்நாட்டில் மறைந்த வண்டிக்கான பாகங்கள் குடிபெயர்ந்த நாட்டில் புதிதாகக் கிடைத்தன. பழைய வண்டிகளின் மீட்டுருவாக்கத்தை இயல்வதாக்கிய முதன்மைக் காரணம் இத்தொடர்ச்சியே.

அளவு ஒன்று, பொருத்தம் வேறு

350 புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டனின் வீச்சு 90 மி.மீ.; கொள்ளளவு 346 சிசி. 2008ஐ ஒட்டி வந்த ஒருங்கிணைந்த எஞ்சினின் 350 வகையிலும் இதே அளவுகள் காணப்படுகின்றன. ஆயினும் பழைய வண்டியில் கியர் பெட்டி தனியே வார்க்கப்பட்டு எஞ்சினுடன் திருகப்பட்டிருக்கும்; புதியதில் இரண்டும் ஒரே கூட்டுக்குள் அமைந்துள்ளன. எனவே அட்டவணையில் ஒன்றாகத் தோன்றும் எண்கள் பாக மாற்றத்திற்கு உறுதியளிப்பதில்லை. 2020இல் அறிமுகமான 349 சிசி எஞ்சினில் 72 மி.மீ. விட்டமும் 85.8 மி.மீ. வீச்சும் அமைந்ததால் அந்த எண்ணொற்றுமையும் நீங்கியது.

திருகுமரைகள் இதனினும் நுட்பமான சிக்கலைத் தருகின்றன. ரெட்டிச் வடிவமைப்பு அங்குல அளவுகளைக் கொண்டது. இந்தியாவோ 1956ஆம் ஆண்டு எடை அளவைகள் சட்டத்தின் வழி மெட்ரிக் முறைக்கு மாறியது. 5/16 அங்குலப் போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ.; 8 மி.மீ. போல்ட்டிலிருந்து அது வேறுபடுவது 0.06 மி.மீ. மட்டுமே. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் பிரிட்டிஷ் நுண்மரையில் அங்குலத்திற்கு 22 புரிகள். அதன் புரியிடைவெளி ஏறத்தாழ 1.15 மி.மீ. மெட்ரிக் போல்ட்டில் அது 1.25 மி.மீ. மரைக்கோணமும் முன்னதில் 55 பாகை, பின்னதில் 60 பாகை. வலிந்து முறுக்கினால் முதல் சில சுற்றுகள் ஏறும். பின்னர் அலுமினியக் கூட்டின் மரை அழிந்துவிடும். தேய்ந்த பாகத்தை விடத் தவறாகப் பொருத்தப்பட்ட புதிய பாகமே வண்டிக்குப் பெருங்கேடு விளைவிக்கும்.

பாகம் கிடைக்கும் வழிகள்

1955இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ், 1960இல் அம்பத்தூரில் டிஐ டயமண்ட் செயின், 1961இல் பாடியில் லூகாஸ் டிவிஎஸ் எனப் பாகத் தொழில் இப்பகுதியில் வேர்கொண்டது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை அமைந்தது. உலோகத்தை நூறில் ஒரு மில்லிமீட்டர் நுட்பத்தில் கடையும் திறன் பெருந்தொழிற்சாலைகளின் மதில்களைத் தாண்டிச் சிறு லேத் பட்டறைகளுக்கும் பரவியதற்கு இச்சூழலே காரணம் எனக் கருதலாம்.

சிதைந்த வண்டிக்கு மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளிலும் காயலான் கடைகளிலும் அதே காலத்துப் பாகத்தைத் தேடுவது. இரண்டு, அதே வடிவமைப்பில் பின்னாளில் செய்யப்பட்ட பாகத்தைப் பொருத்துவது. மூன்று, உள்ள பாகத்தையே செப்பனிடுவது. சிலிண்டர் தேய்ந்திருப்பின் அதனைப் போரிங் செய்து, மிகையளவுப் பிஸ்டன் இடுவர்; அதற்கும் இடமில்லையெனில் புதிய உறை இறக்கி மூல விட்டத்திற்கே கொணர்வர். பேரிங்குகள் பெரும்பாலும் உலகப் பொது எண்களால் அறியப்படுவதால் அவற்றைப் பெறுதல் எளிது. எஞ்சின் கூட்டும் சட்டகமும் அவ்வாறல்ல. வண்டியின் எண்கள் அவற்றின் மீதே பொறிக்கப்பட்டுள்ளன.

சட்டமும் மூலத்தன்மையும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகின்றது. 2021இல் நடுவண் மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட பிரிவுகள் பழம்பெரும் வாகனத்தை வரையறுக்கின்றன. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்திருத்தல், மூல வடிவில் பேணப்பட்டிருத்தல், சட்டகத்திலோ எஞ்சினிலோ பெருமாற்றம் இன்மை ஆகியன அதன் அடிப்படைகள். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய்.

இங்கு ஒரு முரண் எழுகின்றது. திருவொற்றியூர் வடிவமைப்பு நெடுங்காலம் மாறாதிருந்ததால், 1960களின் வண்டி ஒன்று 1980களின் சிலிண்டருடன் தோற்றத்தில் வேறுபாடின்றி இயங்கக்கூடும். பொருத்தப்பாடு மிகுந்த வண்டியிலேயே மூலத்தன்மையை உறுதிசெய்தல் கடினமாகின்றது. மேலும், பாகம் மாற்றிப் பழுது பார்ப்பதே இவ்வண்டிகளின் இயல்பான வாழ்க்கை. ஒருமுறையும் பாகம் மாற்றாத வண்டியை மட்டும் மூலவண்டி எனக் கொண்டால், உழைத்துத் தேய்ந்த வண்டிகள் வரலாற்றிலிருந்து நீங்கிவிடும். எதையும் மாற்றலாம் எனக் கொண்டால் சான்று என்னும் தகுதியே அழியும். எந்தப் பாகம், எந்தக் காலத்தது, ஏன் மாற்றப்பட்டது என்னும் பதிவே இவ்விரு எல்லைகளுக்கும் இடையிலான வழி.

முடிவுரை

புல்லட்டின் மீட்டுருவாக்கம், மாறாத வடிவமைப்பு, மாறிய அளவை முறை, மேற்குச் சென்னையின் கடைசல் திறன் ஆகிய மூன்றின் சந்திப்பில் நிகழ்கின்றது. இதில் வடிவமைப்பு குறித்த செய்திகள் பாகப் பட்டியல்களில் எஞ்சியுள்ளன. எந்த ஆண்டின் பாகம் எந்த ஆண்டின் வண்டிக்குப் பொருந்தும் என்னும் அறிவோ பெரும்பாலும் பட்டறைக்காரர்களின் கைப்பழக்கத்திலும் கணக்கேடுகளிலும் மட்டுமே தங்கியுள்ளது. பழைய பட்டறைகள் மூடப்படும்போது அவ்வறிவும் உடன் மறையும். ஆகவே வண்டிகளைப் பேணுவோர் பட்டறைக் குறிப்பேடுகளையும் கழற்றப்பட்ட பாகங்களையும் வரலாற்று ஆவணங்களாகக் கருதிச் சேர்த்து வைத்தல் இன்றியமையாதது.