நம்ம ஊர் ஃபிரைட் ரைஸ் எங்கிருந்து வந்தது?

கொஞ்சம் நீளமான பதிவு. காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருத்தி இப்போது அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில் இருக்கிறாள். போன வாரம் பேசினாள். "டீச்சர், இங்க சைனீஸ் ஹோட்டலுக்குக் குறைச்சலே இல்ல. ஆனா கோபி மஞ்சூரியன் கேட்டா, அப்படின்னா என்னன்னு திருப்பிக் கேக்குறாங்க." நல்ல கடையைக் கண்டுபிடிக்க, கூட வேலை பார்க்கும் சீனப் பெண் ஒரு வழி சொன்னாளாம். எந்தக் கடையில் வயசான சீனர்கள் குடும்பத்தோடு சாப்பிடுகிறார்களோ அங்கே போ என்று. "அந்தக் கணக்குப்படி பாத்தா நம்ம பெரம்பலூர்ல ஒரு கடைகூடத் தேறாது டீச்சர்" என்று சிரித்தாள்.

நானும் சிரித்துவிட்டு போனை வைத்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். சீனா நம் மண்ணுக்குப் புதிது இல்லை. அரியலூர் மாவட்டத்துப் பிள்ளைகள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். ராஜராஜன் அனுப்பிய தூதுக்குழு 1015-இல் சீன அரசவைக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குள் ராஜராஜனே காலமாகிவிட்டார், பயணம் அவ்வளவு நீளம். 1033-இல் ராஜேந்திரன் அனுப்பிய தூது போனது. 1077-இல் குலோத்துங்கன் அனுப்பிய குழுவில் 72 பேர். கங்கைகொண்ட சோழபுரம் மாளிகைமேட்டில் அகழாய்வு செய்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. ஜெயங்கொண்டத்தில் வேலை பார்த்த காலத்தில் பிள்ளைகளை அங்கே வரிசையாகக் கூட்டிப்போயிருக்கிறேன். கோயிலைக் காட்டினேன், நந்தியைக் காட்டினேன், மேட்டைத் தாண்டி நடந்தேன். ராஜேந்திரன் வீட்டுச் சமையலறையில் சீனத்துச் சாமான் இருந்தது என்று சொல்லத் தோன்றவே இல்லை.

ஆனால் இன்றைய ஃபிரைட் ரைஸ் அந்த வழியில் வரவில்லை. அது வந்தது கல்கத்தா வழியாக.

வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், அதாவது 1770-களின் கடைசியில், அச்சூ என்ற சீன வணிகர் கல்கத்தாவுக்குக் கீழே பட்ஜ் பட்ஜ் பக்கத்தில் நிலம் வாங்கிக் கரும்பாலை வைத்தார். ஆலை நிலைக்கவில்லை. ஊர் மட்டும் அச்சிப்பூர் என்று இன்றும் அவர் பெயரோடு இருக்கிறது. பின்னால் சீனாவிலிருந்து தச்சர்கள், செருப்புத் தைப்பவர்கள், பல் கட்டுபவர்கள் என்று குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஹக்கா என்ற பிரிவினர் கல்கத்தாவின் தாங்ரா பகுதியில் தோல் பதனிடும் தொழிலில் இறங்கினார்கள். மற்றவர்கள் தொடத் தயங்கிய வேலை அது. அவர்கள் வீட்டுச் சமையலில் நம் பச்சை மிளகாயும் இஞ்சியும் பூண்டும் சேரச் சேர ஒரு புதுச் சுவை பிறந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகளை நகரத்தை விட்டு வெளியே போகச் சொன்னபோது, தாங்ராவில் பல குடும்பங்கள் முழுக்க உணவகத் தொழிலையே நம்ப வேண்டியதாயிற்று.

அந்தக் கல்கத்தாவில் பிறந்தவர்தான் நெல்சன் வாங். 1975-இல் பம்பாய் கிரிக்கெட் கிளப்பில் சமைத்துக்கொண்டிருந்தபோது, புதுசாக ஏதாவது செய்யுங்கள் என்று யாரோ கேட்டார்களாம். கோழித் துண்டைச் சோள மாவில் புரட்டிப் பொரித்து, இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் தாளித்து, கரம் மசாலா போட வேண்டிய இடத்தில் சோயா சாஸை ஊற்றினார். பெயர் வேண்டுமே, மஞ்சூரியன் என்று வைத்துவிட்டார். மஞ்சூரியா வடகிழக்குச் சீனாவில் இருக்கிறது. அங்கே போய்க் கேட்டாலும் கொலம்பஸில் கிடைத்த பதில்தான் கிடைக்கும்! அமெரிக்காவிலும் கதை இதேதான். 1882-இல் சீனத் தொழிலாளிகள் உள்ளே வரக்கூடாது என்று சட்டமே போட்டார்கள், 1943 வரை அது இருந்தது. அந்த நெருக்கடியிலும் பிழைக்கக் கடை போட்டவர்கள், வெள்ளைக்காரர் நாக்குக்குத் தோதாக மாற்றிச் சமைத்தார்கள்.

நம் ஊருக்கு வருவோம். மேகி நூடுல்ஸ் இந்தியாவுக்கு வந்தது 1983-இல். எங்கள் வீட்டுக்கு வர இன்னும் ஏழெட்டு வருஷம் ஆனது. என் மாமியார் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "சேமியாவுக்கு ஜுரம் வந்த மாதிரி இருக்கு" என்றார். பெரம்பலூர் 1995-இல் தனி மாவட்டமானது. கல்லூரிகள் வந்தன, ஹாஸ்டல் பிள்ளைகள் வந்தார்கள், சாயங்காலப் பசி வந்தது. பரோட்டாக் கடையில் முட்டை, வெங்காயம், முட்டைக்கோஸ் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. ஒரு குழிச்சட்டியும், வேகமாக எரியும் அடுப்பும், சோயா சாஸ் பாட்டிலும் மட்டும்தான் புதுசு. சோள மாவு என்கிறோமே, அது மக்காச்சோளத்தின் மாவு. நம் பெரம்பலூர்க் காட்டில் விளைகிற அதே மக்காச்சோளம்! அஜினமோட்டோ மட்டும் ஜப்பான் சரக்கு, 1908-இல் அங்கே ஒரு பேராசிரியர் கண்டுபிடித்தது.

சரி, நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது? ரிட்டயர் ஆன பிறகு நானும் என் வீட்டுக்காரரும் இதை ஒரு வேலையாகவே செய்தோம். கடைக்கு வெளியே ஐந்து நிமிஷம் நில்லுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியாகக் கரண்டிச் சத்தம் கேட்க வேண்டும். மொத்தமாகக் கிளறி வைத்ததைச் சூடு பண்ணித் தருகிறார்கள் என்றால் நடையைக் கட்டுங்கள். சோறு முன்னமே வடித்து ஆறியிருக்க வேண்டும், சுடுசோற்றைப் போட்டால் களியாகிவிடும். முட்டைக்கோஸைக் கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும். கோபி குங்குமச் சிவப்பில் இருந்தால் தொடவே தொடாதீர்கள். கர்நாடகத்தில் 2024 மார்ச்சில் செயற்கை நிறம் சேர்த்த கோபி மஞ்சூரியனைத் தடை செய்தே விட்டார்கள். நான் ஒரு கடையில், பெயர் வேண்டாம், ஆசைப்பட்டுச் சாப்பிட்டு மூன்று நாள் படுத்தேன்.

இப்படித் தேடித்தான் அரியலூரில் ஒரு தள்ளுவண்டி கிடைத்தது. சமைக்கிற பையன் டார்ஜிலிங் பக்கம். தமிழ் நன்றாகப் பேசுகிறான். "எங்க கத்துக்கிட்டே தம்பி?" என்றேன். சிலிகுரியில் ஒரு கடையில் என்றான். பிறகு, அடுப்பைக் குறைத்துவிட்டு, அவன் தாத்தா சொன்ன ஒன்றைச் சொன்னான். அவர்கள் தெருவில் ஒரு சீனத் தச்சர் குடும்பம் இருந்ததாம். ஒரு நாள் போலீஸ் வந்து குழந்தைகளோடு கூட்டிப்போனதாம். அதற்கப்புறம் அவர்கள் திரும்பவே இல்லையாம்.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். உண்மைதான். 1962 போரை ஒட்டி, அஸ்ஸாம், ஷில்லாங், டார்ஜிலிங் பக்கம் இருந்த சீன வம்சாவளிக் குடும்பங்களைப் பிடித்து, ரயிலில் ஏற்றி, ராஜஸ்தானில் தேவ்லி என்ற இடத்து முகாமில் அடைத்தார்கள். ஏறத்தாழ 3000 பேர். கிழவர், கைக்குழந்தை எல்லாரும். பலர் இந்தியாவிலேயே பிறந்தவர்கள். சிலரைக் கப்பலில் சீனாவுக்கு அனுப்பினார்கள். சிலர் 1967 வரை உள்ளேயே இருந்தார்கள். திரும்பி வந்தவர்களில் பலருக்கு வீடும் இல்லை, கடையும் இல்லை. அப்புறம் கனடாவுக்கும் வேறு நாடுகளுக்கும் போய்விட்டார்கள்.

ஆசிரியர் பயிற்சியில் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானும் சொல்லித் தரவில்லை. ஆனால் 1962-ஐப் பற்றி நான் பேசாமல் இல்லை.

1987 குழந்தைகள் தினம். நேரு மாமா கதை சொன்னேன். சீனா முதுகில் குத்தியது, அந்த வேதனையிலேயே நேரு போய்விட்டார் என்று ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். வகுப்பில் கடைவீதிக் கூர்க்காவின் மகன் ஒருவன் படித்தான். நேபாளத்துப் பிள்ளை. பையன்கள் அவனைச் 'சீனாக்காரன்' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் கதையை முடித்ததும் பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "டீச்சர், குத்துனவன் இங்கதான் உக்காந்திருக்கான்" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதட்டியிருக்கலாம், ஒரு வார்த்தை போதும். அவன் குனிந்து சிலேட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு அவன் வரவில்லை. குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டது என்றார்கள். வருகைப் பதிவேட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்ததும் நான்தான்.

அந்தத் தள்ளுவண்டிப் பையன் தட்டை நீட்டி "அம்மா, காரம் போதுமா?" என்று கேட்டபோது அந்த முகம்தான் நினைவுக்கு வந்தது. இவனுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, எனக்குத் தெரியும்.

அந்த ஆண்டு என் வகுப்பில் படித்தவர்கள் நாலைந்து பேர் இந்தப் பதிவைப் பார்ப்பீர்கள். அவன் பெயரை இங்கே எழுதவில்லை, உங்களுக்கு நினைவிருக்கும். இப்போது ஐம்பது வயது இருக்கும். எங்கே இருக்கிறான் என்று யாருக்காவது தெரிந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். என் நம்பர் பழைய நம்பர்தான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்