கெளுத்திக்கு வந்த புண்

போன ஐப்பசி மழையில் எங்கள் கண்மாய் பெருகியது. தெரிந்தவர் ஒருவர் நான்கு கெளுத்திக் குஞ்சுகளைப் பிடித்துக் கொடுத்தார். பேரனுக்காக வாங்கிய கண்ணாடித் தொட்டியில் அவற்றை விட்டோம்.

மார்கழிப் பனியில் ஒன்றின் வாலருகே மிளகளவு சிவப்புப் புள்ளி தெரிந்தது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு முன்பே அந்த மீன் இரைக்கு வராமல் மூலையில் ஒதுங்கியிருந்ததும், மீசை நுனி தேய்ந்திருந்ததும் பிறகுதான் நினைவுக்கு வந்தன. புள்ளி புண்ணானதும் ஒரு கைப்பிடி கல்லுப்பை அப்படியே கொட்டினேன். அலமாரியில் இருந்த மாத்திரையையும் பொடித்துப் போட்டேன். மறுநாள் மீன் செத்து மிதந்தது.

மீதி மூன்றையும் கண்மாயிலேயே விட்டுவிடலாம் என்று பேரன் அழுதான். வாளியோடு கிளம்பிவிட்டோம். அந்த நேரம் பார்த்து, தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்த உறவுக்காரப் பையன் வந்து சேர்ந்தான்.

"மாமா, அதை மட்டும் செஞ்சிராதீங்க. ஒரு தொட்டி நோயை ஊர் கண்மாய்க்கு அனுப்பாதீங்க" என்றான். பிறகு அவன் சொன்ன கதையைத்தான் உங்களுக்கும் சொல்ல வந்தேன்.

1971-இல் ஜப்பானில் மீன் பண்ணைகளில் ஒரு புண் நோய் தோன்றியது. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் தெரிந்தது. பின்னர் தென்கிழக்காசிய நாடுகளுக்குப் பரவி, 1980-களின் பிற்பகுதியில் இலங்கைக்கும் வங்கதேசத்துக்கும் வந்தது. 1988-இல் அசாம், மேகாலயா, திரிபுரா, மேற்கு வங்கத்தில் விரால், கெளுத்தி, குறவை எல்லாம் உடம்பு முழுக்கப் புண்ணோடு செத்து மிதந்தன. மக்கள் மீன் வாங்கவே பயந்தார்கள்; மீனவர் குடும்பங்களின் பிழைப்பு போயிற்று. 1991-இல் நம் பக்கத்து மாநிலமான கேரளத்தையும் அது தாக்கியது.

முதலில் வைரஸ் என்றார்கள், பாக்டீரியா என்றார்கள். 1990-களில்தான் 'அபனோமைசிஸ் இன்வடான்ஸ்' என்ற, பூஞ்சை போன்ற நீர்க்கிருமியே மூலகாரணம் என்று தெளிவானது. மழைக்குப் பிறகு தண்ணீர் குளிர்ந்து மீன் தளரும் காலத்தில், தோலில் நுழைந்து சதைக்குள் இறங்கிவிடும். நோயுள்ள மீனை ஊர் விட்டு ஊர் கொண்டுபோனாலும், வெள்ளம் வந்தாலும் பரவும். குளங்களில் சுண்ணாம்பு போட்டார்கள். புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 'சிஃபாக்ஸ்' என்ற மருந்தை உருவாக்கித் தந்தது.

"உங்க தொட்டியில வந்தது அந்த நோயா இருக்காது, மாமா. அழுக்குத் தண்ணியில வர்ற சாதாரணப் புண்ணாத்தான் இருக்கும். ஆனா சோதிக்காம எப்படி நிச்சயமாச் சொல்றது? அதனாலதான் கண்மாயில விடக்கூடாதுங்கறேன்" என்றான். தொட்டியைப் பார்த்துவிட்டு, "புண்ணைப் பாத்தீங்க, தண்ணியைப் பாக்கலியே" என்றும் சொன்னான். அடியில் தின்னாத இரை அழுகிக் கிடந்தது.

அவன் சொன்னபடி செய்தோம். அழுகலை உறிஞ்சி எடுத்தோம். குழாய்த் தண்ணீரை ஒருநாள் திறந்து வைத்து, குளோரின் போனபின் தினமும் கால்வாசித் தண்ணீரை மாற்றினோம். இரையைக் குறைத்தோம். கெளுத்திக்குச் செதில் கிடையாது. மருந்தும் உப்பும் நேரே தோலில் படும். ஆகவே மற்ற மீனுக்குச் சொல்லும் மருந்தளவில் பாதிதான் போடலாம். உப்பு என்றால் லிட்டருக்கு ஒரு கிராம், அதுவும் கரைத்துச் சிறிது சிறிதாக. நோய்ப்பட்டதைத் தனிப் பாத்திரத்தில் வைக்க வேண்டும். பழைய தண்ணீரை வாய்க்காலில் விடாமல் காய்ந்த மண்ணில் ஊற்றினோம்.

மூன்றும் பிழைத்தன. இப்போது பேரன் காலையில் பள்ளிக்குப் போகுமுன் இரை போட்டுவிட்டு, எத்தனை மீன் இரைக்கு வந்தது என்று எண்ணுகிறான். இரண்டு வந்தால் என்னைக் கூப்பிடுகிறான். நான் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டு ஓடுகிறேன்.