வீட்டுக்கு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வாங்கப் போறீங்களா? விலைக்கு முன்னாடி இதைப் பாருங்க!

இங்க் டேங்க், லேசர், வைஃபை என்று பிரிண்டர்கள் எங்கேயோ போய்விட்டன. ஆனால் தண்டலத்தில் ஆரம்பித்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை எடை மேடை, லாரி புக்கிங் ஆபீஸ், ஜாப் ஒர்க் ஷெட் என்று எங்கே போனாலும் அந்த 'கர்ர்... கர்ர்...' சத்தம் இன்னும் ஓயவில்லை.

பெரிய கம்பெனிகளுக்கு உதிரி பாகம், பேக்கிங், வண்டி வாடகை என்று தொழில் செய்யும் பலருக்கு வீட்டு முன் அறைதான் ஆபீஸ். 'கம்மி விலையில் நல்ல டாட் மேட்ரிக்ஸ் எது?' என்பது அவர்கள் கேட்கும் கேள்வி. ஆனால் அதற்கு முன்னாடி கேட்க வேண்டியது வேறு: உங்களுக்கு அது தேவைதானா?

யாருக்குத் தேவை?

ஜிஎஸ்டி விதி 48-ன்படி, சரக்கு விற்றால் இன்வாய்ஸ் 3 பிரதி வேண்டும். ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று வண்டிக்காரருக்கு, ஒன்று நமக்கு. சேவைக்கு 2 பிரதி போதும். ஜாப் ஒர்க்குக்குப் பொருள் அனுப்பும் டெலிவரி சலானுக்கும் விதி 55-ன்படி 3 பிரதி.

ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் இ-இன்வாய்ஸுக்குள் வந்துவிடுவார்கள். அந்த இன்வாய்ஸுக்கு இந்தப் பிரதிக் கணக்கு கிடையாது. ஆக, வீட்டில் இருந்து தொழில் செய்யும் சிறியவர்களுக்குத்தான் இது முக்கியம்.

ஒன்றைக் கவனிக்கணும். சட்டம் 3 பிரதி கேட்கிறதே தவிர, கார்பன் பிரதி கேட்கவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று பில்தான் என்றால், வீட்டில் இருக்கும் லேசரிலேயே மூன்று தடவை பிரிண்ட் எடுத்தால் போதும். புதுசா எதுவும் வாங்க வேண்டாம். பிள்ளைகளின் புராஜெக்ட், போட்டோ, ஆதார் நகல் ஆகியவற்றுக்கும் டாட் மேட்ரிக்ஸ் சரிவராது. தினமும் இருபது, முப்பது பில் போடுபவர்களுக்குத்தான் இது லாபம்.

ஏன் லாபம்?

இந்த பிரிண்டரின் தலையில் இருக்கும் ஊசிகள் ரிப்பனை அடித்து, பேப்பரில் புள்ளி புள்ளியாக எழுத்தை உருவாக்குகின்றன. அந்த அடி கீழே இருக்கும் பிரதிகளிலும் பதியும். அதனால் ஒரே ஓட்டத்தில் மூன்று பிரதி. லேசரிலும் இங்க்ஜெட்டிலும் அடி விழுவதில்லை, அதனால் இது முடியாது.

எதைத் தேர்வு செய்வது?

* 80 காலமா, 136 காலமா? சாதாரண பில், சலானுக்கு 80 காலம் போதும். அகலமான லெட்ஜர் பேப்பருக்குத்தான் 136. அதற்கு விலையும் அதிகம், இடமும் அதிகம்.
* 9 ஊசியா, 24 ஊசியா? கார்பன் பில்லுக்கு 9 ஊசி போதும், விலையும் குறைவு. 24 ஊசியில் எழுத்து அழகாக, நெருக்கமாக விழும்.
* தமிழில் பில் வேண்டுமா? ஆங்கிலத்தில் அடிக்கும்போது பிரிண்டருக்குள்ளேயே இருக்கும் எழுத்து மடமடவென விழும். தமிழ் எழுத்து பொதுவாக படமாகத்தான் போகும், அதனால் வேகம் குறையும். முழுக்கத் தமிழ் என்றால் 24 ஊசியைப் பாருங்க. கடைப் பெயர் மட்டும் தமிழில் என்றால், அதை முன்கூட்டியே அச்சடித்த பேப்பர் வாங்கிவிடலாம்.
* இணைப்பு: பழைய பேரலல் போர்ட் மட்டும் இருக்கும் மாடல் வேண்டாம். இப்போதைய லேப்டாப்பில் அந்த போர்ட் கிடையாது. யுஎஸ்பி பிரிண்டரிலேயே இருக்கணும்.

நம் ஊர்க் கடைகளில் அதிகம் காட்டப்படுபவை எப்சன் எல்எக்ஸ்-310, சென்னையைச் சேர்ந்த டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸின் எம்எஸ்பி வரிசை ஆகியவை. எல்எக்ஸ்-310 என்பது 9 ஊசி, 80 காலம். ஒரிஜினலோடு 4 நகல் வரை எடுக்கும், யுஎஸ்பியும் உண்டு. அதே கம்பெனியின் எல்க்யூ-310 மாடலில் 24 ஊசி.

உண்மையான செலவு எங்கே?

ரிப்பனிலும் தலையிலும்தான். எல்எக்ஸ்-310 ரிப்பன் சுமார் 40 லட்சம் எழுத்து வரும் என்பது கம்பெனி கணக்கு. ஒரு பில்லுக்கு 1,000 எழுத்து என்று வைத்தால் 4,000 பில். தினமும் 25 பில், மாதம் 25 நாள் என்றால் கிட்டத்தட்ட ஆறு மாதம். லோகோ, கட்டம், கோடு எல்லாம் போட்டால் சீக்கிரமே தீரும்.

வாங்கும் முன் கடையில் மூன்று விலை கேளுங்க: ரிப்பன், தலை, மூன்று பிரதி பேப்பர் கட்டு. பிரிண்டரில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்து, ரிப்பனுக்கு அலைவதில் பிரயோஜனம் இல்லை. ரெகுலர் ஜிஎஸ்டி பதிவு இருந்தால் உங்கள் எண்ணைப் போட்டு பில் வாங்குங்க. பிரிண்டருக்குக் கட்டும் 18% வரியை, தொழிலுக்குப் பயன்படுத்தும்போது உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் கிடைக்கும். காசு கொடுக்கும் முன் செல்ஃப் டெஸ்ட் போடச் சொல்லுங்க. எல்எக்ஸ்-310 மாடலில் லைன் ஃபீட் பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால், கம்ப்யூட்டர் இல்லாமலே எழுத்துகள் அச்சாகும். எல்லா எழுத்திலும் ஒரே உயரத்தில் வெள்ளைக் கோடு ஓடினால் ஒரு ஊசி வேலை செய்யவில்லை என்று அர்த்தம். தலை மாற்றும் செலவைக் கூட்டிப் பார்த்தால், புதுசே தேவலாம் என்று ஆகிவிடும். மூன்று பிரதி பேப்பர் கையோடு கொண்டுபோய், கடைசிப் பிரதி தெளிவாக விழுகிறதா என்றும் பாருங்க.

வீட்டில் வைக்கும்போது...

* பேப்பர் தடிமனுக்கு ஒரு லீவர் இருக்கும். ஒற்றைத் தாள், மூன்று பிரதி என்று மாறும்போதெல்லாம் அதையும் மாற்றணும். மறந்தால் எழுத்து மங்கும், தலைக்கும் ஆபத்து.
* காய்ந்த ரிப்பனில் ஸ்டாம்ப் பேட் மை ஊற்றாதீங்க. ஊசி அடைத்துக்கொள்ளும்.
* சத்தம் கட்டாயம் இருக்கும். பிள்ளைகள் படிக்கும் அறையில் வேண்டாம். கீழே தடிமனான ரப்பர் விரிப்பு போட்டால் மேசை அதிர்வது குறையும்.
* லேசர் மாதிரி சூடாக வேண்டியதில்லை, கரண்ட்டும் குறைவு. கரண்ட் போனாலும் சின்ன யுபிஎஸ்ஸில் பில் அடித்து வண்டியை அனுப்பிவிடலாம்.
* உங்கள் பிரதியை வெயில் படாமல் வைங்க. ஜிஎஸ்டி ஆவணங்களை, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி தேதியில் இருந்து 72 மாதம் பாதுகாக்கணும். அதுவரை அந்த எழுத்து தெரியணும்.

சுருக்கமாக: தினசரி பில் எண்ணிக்கையை முதலில் எண்ணுங்க. அதிகம் என்றால் 9 ஊசி, 80 காலம், யுஎஸ்பி, பக்கத்திலேயே ரிப்பன் கிடைக்கும் மாடல். குறைவு என்றால், அந்தக் காசு உங்கள் கையிலேயே இருக்கட்டும்.