குரங்கணிச் சரிவு: கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் ஒப்புதல் வாக்குமூலம்

நம் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஜனவரி மாதம் நண்பன் ஒருவன் படம் போட்டிருந்தான். குல்மார்க்கில் அபர்வத் மலை, காலில் நீளமான இரண்டு பலகை, முகத்தை மறைக்கிற கறுப்புக் கண்ணாடி. பின்னால் யார் காலும் படாத, கோலமாவு கொட்டின மாதிரிப் பனி. ரோப் காரில் 3,900 மீட்டருக்கு மேலே போய், கயிறு கட்டிய பாதையை விட்டு விலகி, தடமே இல்லாத பனியில் சறுக்கி இறங்குவார்களாம். அதற்குக் கீழே இன்னொருவன், "மாப்ளே, நம்ம குரங்கணியை விடவா?" என்று கேட்டிருந்தான். எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். நான் போடவில்லை. காரணம் பின்னால் வரும்.

எனக்குப் பொட்டிபுரம் தாய்மாமன் ஊர். போடிக்குப் பக்கத்தில், மேற்கு மலை அடிவாரத்தில் இருக்கிற கிராமம். இப்போது வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் நியூட்ரினோவால்தான் தெரியும். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததும், அம்பரப்பர் மலைக்குள் 2 கிலோமீட்டர் சுரங்கம் போட்டு, 50,000 டன் இரும்பில் ஒரு கருவி வைக்கப் போகிறார்கள் என்று ஊரே பேசியது. பிறகு எதிர்ப்பு, வழக்கு என்று போனது தனிக்கதை. எனக்கு அந்த மலை என்றால் ஞாபகம் வருவது சிறு வயதில் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்துப் பார்த்த தீதான். மாசி, பங்குனி ராத்திரிகளில் மலையின் இடுப்பில் சிவப்பாக ஒரு கோடு ஊர்ந்து போகும். "மலைக்கு மாலை போட்டிருக்கு பாரு" என்பார் அத்தை. அழகாகத்தான் இருக்கும்.

நிற்க. குரங்கணிக்கு வருவோம்.

போடியிலிருந்து கொட்டகுடி ஆற்றை ஒட்டி மேற்கே போனால் குரங்கணி. அங்கிருந்து மலை ஏறினால் சென்ட்ரல் என்று ஒரு ஊர், அதற்கும் மேலே டாப் ஸ்டேஷன். மலைக்காட்டில் இருக்கிற ஊருக்கு சென்ட்ரல் என்று யார் பேர் வைத்தது என்று நாம் யாராவது கேட்டிருக்கிறோமா? அது ரோப்வேயின் நடு நிலையம் இருந்த இடம். மூணாறு பக்கம் கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை போட்ட வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்கு அந்தக் காலத்தில் வெளி உலகத்துக்கு வாசல் கொச்சி அல்ல, நம் போடிதான். 1902-ல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடுகிற வண்டி விட்டார்கள். 1908-ல் அதை எடுத்துவிட்டு, 2 அடி அகலப் பாதை போட்டு ரயில் இன்ஜினே ஓட்டினார்கள். குண்டளை பள்ளத்தாக்கு ரயில் என்று பெயர். டாப் ஸ்டேஷனில் இறங்கிய தேயிலைப் பெட்டிகள் கம்பி வடத்தில் தொங்கிக்கொண்டு சுமார் 5 கிலோமீட்டர் சரிந்து கொட்டகுடிக்கு வந்தன. அந்த இடத்துக்குப் பாட்டம் ஸ்டேஷன் என்றே பேர். அப்புறம் மாட்டு வண்டியில் போடிக்கு. போடிக்கே ரயில் வந்தது 1928-ல்தான்; அதுவரை ரயிலைப் பிடிக்க வண்டி மாடுகள் இன்னும் பல மைல் நடக்க வேண்டியிருந்தது.

மெக்கானிக்கல் படித்தவனுக்கு இந்த ரோப்வே ஒரு விருந்து. அந்தச் சரிவில் அந்தக் காலத்தில் தூண் நட்டு வடம் இழுத்தவர்கள் பேர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. 1924 ஜூலை வெள்ளம் (கேரளத்தில் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்கள், கொல்லம் ஆண்டு 1099) ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. திரும்பப் போடவே இல்லை. மிஞ்சியது மூன்று ஊர்ப் பெயர்களும் ஒரு நடைபாதையும்தான்.

அந்த நடைபாதையில்தான் தலைச்சுமைக்காரர்கள் ஏறினார்கள், எஸ்டேட் வேலைக்குப் போன நம் சனங்கள் குடும்பத்தோடு ஏறினார்கள், கழுதைகள் ஏறின. அவர்களுக்கு மலை வேடிக்கை பார்க்கிற இடம் இல்லை. எந்த மாசம் எந்தச் சரிவில் கால் வைக்கலாம் என்பது பிழைப்போடு சேர்ந்த விவரம். எழுதி வைக்கவில்லை. பாதை போனதும் விவரமும் போயிற்று.

2010 மார்ச்சில் ஹாஸ்டல் செட் ஏழு பேர் மதுரையிலிருந்து போடி பாசஞ்சரில் போனோம். மீட்டர் கேஜ் வண்டி. அந்த வருஷக் கடைசியோடு அகலப்பாதை வேலைக்காக நிறுத்திவிட்டார்கள். மறுபடி போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூனில். குரங்கணி டீக்கடையில் ஒரு பெரியவர் எங்கள் பைகளைப் பார்த்துவிட்டு, "மாசிக்கு மேல புல்லுக்குள்ள எறங்காதீங்கப்பா" என்றார். "சரிங்க தாத்தா" என்று சொல்லிவிட்டு நேராகப் புல்லுக்குள்தான் போனோம். பாதையில் போனால் அது டிரெக்கிங்கா என்று எங்களுக்குள் ஒரு தத்துவம்! மத்தியானம் மூன்று கல் வைத்து மேகி நூடுல்ஸ் கிண்டினோம். காற்று ஒரு தடவை திரும்பியது. அவ்வளவுதான். ஒரு பொறி பறந்து, ஆள் உயரப் புல்லில் படபடவென்று சத்தம். நாங்கள் இருந்தது ஒரு பாறைத் திட்டின் ஓரம் என்பதால், ஈரத் துண்டாலும் ஷூவாலும் அடித்து அணைத்துவிட்டோம். ஒரு வேட்டி விரிக்கிற அகலத்துக்குக் கருகியிருந்தது. இறங்கும்போது யாரும் பேசவில்லை. ஹாஸ்டலில் அதை வீரக்கதையாகச் சொன்னதும் நாங்களேதான்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு திருப்பூரிலிருந்து ஒரு குழு. முந்தின நாள் கொழுக்குமலைக்கு ஏறிப் போய்விட்டு, அன்றைக்குக் குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். சரிவில் புல்லுக்கு நடுவில் தீ சுற்றிக்கொண்டது. முதல் ஆளாகத் தூக்கப் போனவர்கள் உள்ளூர் ஜனங்கள்; பிறகு வனத்துறை, தீயணைப்பு, விமானப்படை ஹெலிகாப்டர். அங்கேயே 9 பேர் போனார்கள். மதுரை, சென்னை ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொருவராகக் கூடி, கணக்கு 23-ல் நின்றது. பெரும்பாலோர் அன்றைய என் வயதுக்காரர்கள். நான் ஆபீஸ் கேன்டீன் டிவியில் அந்தச் சரிவைப் பார்த்தேன். இடம் எனக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. சாப்பிட முடியவில்லை.

ஏன் அவர்களால் ஓட முடியவில்லை என்று பலர் கேட்டார்கள். சமதளத்தில் எரிகிற தீயைவிட, 10 டிகிரி சரிவில் மேல்நோக்கிப் போகிற தீக்குத் தோராயமாக இரண்டு மடங்கு வேகம். 20 டிகிரியில் நாலு மடங்கு, 30-ல் எட்டு. சுவாலை சரிவின் மேல் சாய்ந்து, முன்னால் இருக்கிற புல்லைக் காய வைத்துக்கொண்டே ஏறும். மனிதனுக்கு நேர் எதிர். சரிவு கூடக் கூட நடை குறையும். அதோடு நம் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தழைத்த புல் மாசியில் சருகு. டாப் ஸ்டேஷனில் நின்றால் கேரளப் பக்கம் பச்சை, நம் பக்கம் வைக்கோல் நிறம்.

இப்போது அந்தப் பனிப் படத்துக்குத் திரும்புகிறேன். பனிச்சரிவு பெரும்பாலும் நடப்பது 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவில். சறுக்க நன்றாக இருப்பதும் அதே சரிவுதான். உல்லாசமாகச் சறுக்கப் போய்ச் சிக்கியவர்களில் பத்தில் ஒன்பது கேஸில் பனியைக் கிளப்பிவிட்டது அவர்களோ, அவர்கள் குழு ஆளோதான் என்கிறார்கள். புல்லுக்கும் மனிதன்தான் பெரும்பாலும் தீ வைக்கிறான், தெரிந்தோ தெரியாமலோ. ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் உண்டு. சுவிட்சர்லாந்தில் டாவோஸ் ஊருக்கு மேலே 1936-லேயே பனியை ஆராய ஒரு குடிசை போட்டார்கள். 1945-லிருந்து, இன்றைக்கு எந்தச் சரிவு எப்படி என்று பொதுமக்களுக்கு அறிக்கை போகிறது. 1993-லிருந்து ஐரோப்பா முழுக்க ஒன்று முதல் ஐந்து வரை ஒரே அளவுகோல். நம் நாட்டிலும் 1969-ல் மணாலியில் ராணுவத்துக்காகப் பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள்; 2020-ல் அது வேறு பெயரில் பெரிய நிறுவனத்தோடு சேர்ந்தது. அறிக்கை இருந்தும் ஆட்கள் சாகிறார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் டீக்கடைத் தாத்தா சொன்னதை அங்கே தினமும் காலையில் அச்சடித்துச் சொல்கிறார்கள். நமக்கு டீக்கடைத் தாத்தா மட்டும்தான் இருந்தார், அவரையும் நாம் கேட்கவில்லை.

2018-க்குப் பிறகு விசாரணை நடந்தது, மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளைத் திறந்து, உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்தது. குரங்கணி–சாம்பலாறு அதில் ஒன்று. 2025-ல் தீப் பருவம் என்று பிப்ரவரி நடுவில் பாதைகளை மூடினார்கள். இணையத்தில் சிலர் வழக்கம் போலத் திட்டினார்கள். எனக்கு அது மாசி மாசத்தை முதல் முறையாக அரசாங்கம் எழுதி வைத்தது மாதிரிப் பட்டது.

ஹாஸ்டல் தம்பிகள் சில பேர் போன் போட்டு "அண்ணா, குரங்கணிக்கு ரூட் சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். முறையாகப் பதிவு செய்து, வழிகாட்டியோடு, தை மாசத்தில் வாருங்கள். இறங்கியதும் பொட்டிபுரத்தில் மாமா வீட்டில் சாப்பாடு, என் பொறுப்பு. தீப்பெட்டி கொண்டு வராதீர்கள். மாசி பிறந்த பிறகு கேட்டால் நான் போன் எடுக்க மாட்டேன்.