இரண்டு மரங்கள் இல்லாத இடத்தில்

கழட்டி காரில் போட்டு எடுத்துக்கொண்டு போகிற மாதிரி, ரெண்டு பேர் படுக்கிற ஹம்மாக்குக்கு ஒரு ஸ்டாண்ட் செய்யலாம் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஹம்மாக் என்றால் ரெண்டு மரத்துக்கு நடுவே கட்டுகிற வலைப்படுக்கை. நம்ம வீட்டுத் தூளிக்கு உத்தரத்தில் ஒரே இடம் போதும், நேராகக் கீழே தொங்கும். இதற்கு ரெண்டு நுனி வேண்டும். சிக்கலே அங்கேதான்.

ரெண்டு பேரும் சேர்ந்து 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கயிறு 30 டிகிரி சாய்வில் இருந்தால் ஒவ்வொரு கயிறும் தாங்குவது 75 கிலோ இல்லை, முழு 150. அதில் 130 கிலோ பக்கவாட்டு இழுப்பு. விறைப்பாகக் கட்டி சாய்வை 10 டிகிரிக்குக் குறைத்தால் ஒரு கயிற்றின் இழுவிசை 430 கிலோவைத் தாண்டும். ஆக, ஆளைத் தூக்கிப் பிடிப்பதை விட, ரெண்டு நுனியும் உள்பக்கம் சாய்ந்துவிடாமல் தள்ளிப் பிடிப்பதுதான் ஸ்டாண்டுக்குப் பெரிய வேலை. மரம் என்றால் அதை வேர் பார்த்துக்கொள்ளும். வேர் இல்லாத இடங்களில் என்ன செய்தார்கள் என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

ஹமாகா என்பது கரீபியன் தீவுகளின் தாயினோ மக்களுடைய சொல். 1492 அக்டோபரிலேயே கொலம்பஸ் தன் குறிப்பில் பருத்தி வலை போன்ற படுக்கைகளைச் சொல்லிவிடுகிறார். 1500-ல் பிரேசில் கரையிலிருந்து போர்ச்சுகல் ராஜாவுக்குக் கடிதம் எழுதிய பெரோ வாஸ் டி கமின்ஹா இன்னும் விவரமானவர். வீட்டுத் தூணுக்குத் தூண் உயரமாகக் கட்டியிருக்கிறார்கள், குளிருக்குக் கீழே நெருப்பு மூட்டுகிறார்கள் என்கிறார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ரெதே', அதாவது வலை. பிரேசிலில் இன்றுவரை அதே பெயர்தான்.

கப்பலில் உத்தரத்துக்குப் பஞ்சமில்லை. இங்கிலாந்துக் கடற்படை 1597-லேயே தொங்கும் படுக்கைகளுக்குக் கித்தான் வாங்க அனுமதித்தது. பிற்காலத்தில் ஆளுக்கு 14 அங்குல அகலம்தான் ஒதுக்கினார்கள். பாதிப் பேர் எப்போதும் காவலில் நின்றதால் படுத்தவனுக்குக் கொஞ்சம் தாராளம்.

ஆனால் தூக்கிக்கொண்டு போகிற ஸ்டாண்ட்? அது பிரேசிலில் கிடைத்தது. குடியேறிய போர்ச்சுகீசியர்கள் ரெதேயைப் படுக்கையாக மட்டுமில்லாமல் வாகனமாகவும் ஆக்கினார்கள். ஒரு நீளக் கழி, அதன் ரெண்டு முனையிலும் வலை, முன்னால் ஒரு அடிமை, பின்னால் ஒரு அடிமை. 1816 முதல் 1831 வரை அங்கே இருந்த பிரெஞ்சு ஓவியர் ஜான் பாப்டிஸ்ட் டெப்ரே இதை வரைந்திருக்கிறார். வலையில் முதலாளி ஹாயாகச் சாய்ந்திருக்கிறார்.

அந்தப் படத்தை இன்ஜினியர் கண்ணோடு பார்த்தால் ஒன்று தெரியும். பக்கவாட்டு இழுப்பு முழுவதையும் கழி அழுத்தமாக வாங்கிக்கொள்கிறது. தோளுக்கு வருவது நேர் எடை மட்டும்தான். 70 கிலோ ஆளுக்குத் தோளுக்கு 35 கிலோ, கழியின் எடை தனி. இன்று எடை குறைந்த, கழட்டி மாட்டுகிற ஸ்டாண்டுகளில் ஒரு வகை இதேதான்: மேலே ஒரு நெடுங்கழி, ரெண்டு பக்கமும் கவட்டைக் கால்கள். தோள் இருந்த இடத்தில் கால் வந்திருக்கிறது, வேறெதுவும் மாறவில்லை. நான் காகிதத்தில் வரைந்து வைத்திருந்ததும் கிட்டத்தட்ட அதே படம்தான். 'ரெண்டு பேருக்கான ஸ்டாண்ட்' என்று மேலே எழுதியிருந்தேன். அங்கே அந்த ரெண்டு பேர்தான் ஸ்டாண்டே.

பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்தது 1888-ல். கழியும் வலையும் போகவில்லை. வறண்ட வடகிழக்கில் சவப்பெட்டிக்கு வழியில்லாத ஏழைகளை அவர்கள் படுத்த ரெதேயிலேயே கழி கோத்து இடுகாட்டுக்கு எடுத்துப் போனார்கள். ஜுவாவ் காப்ரல் டி மெலோ நெட்டோ 1950-களில் எழுதிய புகழ்பெற்ற நாடகக் கவிதை ஒன்றில் அப்படி ஒரு பிணத்தை ரெண்டு பேர் சுமந்து வருகிற காட்சி இருக்கிறது. உயிரோடு இருந்தவரை அந்த மனிதனை யாரும் சுமந்திருக்க மாட்டார்கள்.

நம்ம பக்கமும் இது இருந்தது. மலபாரில் கழியில் தொங்கவிட்ட வலைப்பல்லக்குக்கு மஞ்சல் என்று பெயர். போர்ச்சுகீசிய மொழியில் இருக்கிற 'மஷீலா' என்ற சொல்லை அகராதிக்காரர்கள் இதோடுதான் இணைக்கிறார்கள். அந்தச் சொல் போர்ச்சுகீசியரோடு கடல் தாண்டி மொசாம்பிக் போனது. இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகும் அங்கே ஆப்பிரிக்கத் தோள்களில் வெள்ளை அதிகாரிகள் மஷீலாவில் போய்க்கொண்டிருந்தார்கள்.