கோவலூரில் ஒரு பகல்

ஒரு பெருநகரை ஒரே பகலில் நடந்தே பார்த்துவிட முடியுமா? முடியும் என்று சொல்வதற்குச் சிலப்பதிகாரமே சான்று. கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் அடைக்கலமாக விட்டுவிட்டு, கோவலன் தனியனாக மதுரைக்குள் நுழைகின்றான். மணிகள் விற்கும் தெரு, பொன் விற்கும் தெரு, அறுவைக் கடைகள், கூலக் கடைகள் என்று ஒவ்வொன்றாக நடந்து பார்க்கின்றான். பார்த்து மகிழ்ந்து கோட்டைக்குப் புறத்தே மீள்கின்றான். இதற்கென்றே ‘ஊர்காண் காதை’ என ஒரு காதையை இளங்கோவடிகள் வகுத்தார். மாங்குடி மருதனாரும் மதுரைக்காஞ்சியில் அந்நகரின் பகலையும் மாலையையும் இரவின் யாமங்களையும் வரிசையாகக் காட்டுகின்றார். ஊரைக் காலால் கற்பது தமிழர்க்குப் புதிதன்று.

மாணவ நண்பர்களே, நான் உங்களை இன்று அழைத்துச் செல்ல விரும்புவது மதுரைக்கு அன்று. சங்ககாலத்தில் தலைநகராய் விளங்கி, இன்று பலர் பேருந்து மாறுவதற்கு மட்டும் இறங்கும் ஓர் ஊருக்கு. கோவலூர் என்பது அதன் பழம்பெயர்; திருக்கோவிலூர் என்பது இன்றைய வழக்கு. 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் தோன்றிய கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வட எல்லையில், தென்பெண்ணையாற்றின் தென்கரையில் அஃது அமைந்துள்ளது. மலையமான் திருமுடிக்காரி ஆண்ட ஊர் அதுவே.

இவ்விடத்தில் ஒரு தலைநகர் ஏன் எழுந்தது? நிலப்படத்தைச் சிறிது நோக்குங்கள். மேற்கே கல்வராயன் மலை. அம்மலைக்கு வடக்கே சவ்வாது மலை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தின் வழியாகப் பெண்ணை கிழக்கு நோக்கி இறங்குகின்றது. கல்வராயனுக்குத் தெற்கே, சின்னசேலம், ஆத்தூர் வழியாகக் கொல்லிமலைப் பக்கம் செல்லும் மற்றொரு வழி. ஆக, மலைநாட்டுக்குச் செல்லும் இரண்டு வாயில்களையும் நோக்கி நிற்கும் ஊர் கோவலூர். காரி கொல்லிமலைத் தலைவனாகிய ஓரியைக் கொன்று அம்மலையைச் சேரனுக்கு அளித்தான் என்று சங்கப் பாடல்கள் கூறுகின்றன. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி கோவலூரின் மேல் படையெடுத்து அதனை வென்றான் என்பதும் அப்பாடல்களால் தெரிகின்றது. முதற்படை தென்வழியே சென்றிருக்கும், இரண்டாம் படை பெண்ணை வழியே வந்திருக்கும் என்பது என் ஊகம். ஊகத்திற்குத் துணையாக ஒன்று சொல்வேன்: இதே பெண்ணைக்கரைப் பகுதியில், ஜம்பை என்னும் சிற்றூரில், அதியமான் நெடுமான் அஞ்சி துறவியர்க்குப் பாழி அமைத்துக் கொடுத்த செய்தியைக் கூறும் தமிழ்ப்பிராமிக் கல்வெட்டு 1981ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது. பாட்டில் மட்டும் வாழ்ந்தவன் கல்லிலும் காணப்பட்டான். அசோகனின் கல்வெட்டுகள் குறிக்கும் சத்தியபுத்திரர் யாவர் என்ற நெடுங்கால வினாவுக்கும் அக்கல்லே விடை தந்தது.

நடையை விடியற்காலையில் ஆற்றிலிருந்து தொடங்குவது நல்லது. ஆண்டின் பெரும்பகுதியில் பெண்ணை மணற்பரப்பாகவே கிடக்கும். ஆனால் அதனை எளிதாக எண்ணிவிட வேண்டா. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை அடுத்துச் சாத்தனூர் அணையின் நீர் திறந்துவிடப்பட்டபோது, இவ்வாறு கரைகளைக் கடந்து பெருகியதைத் தமிழகமே கண்டது. அந்த ஆற்றுக்குள் ஒரு பாறை. பாறைமேல் ஒரு சிறு கோயில். மக்கள் அதனைக் கபிலர் குன்று என்பர். குன்று என்ற சொல்லைக் கேட்டுப் பெரிதாக எதிர்பார்த்து வருவோர் முதலில் சற்றே திகைப்பர்.

கபிலர் கதை உங்களுக்குப் பாடநூலில் வந்திருக்கும். பறம்புமலைப் பாரியை மூவேந்தரும் முற்றுகையிட்டனர், பாரி மாண்டான். அவன் மகளிரை அழைத்துக்கொண்டு புலவர் அரசர் வாயில்தோறும் நடந்தார். மணம் செய்துகொள்ள மறுத்தனர் அரசர். தாமே பெற்ற மக்களுக்காக ஒரு தந்தை பிறரிடம் சென்று நிற்பது உலகியல்பு. நண்பன் பெற்ற மக்களுக்காக, நாடாள்வோரின் பகைக்கு அஞ்சாது, ஒரு புலவர் நின்றார். அப்பெரும் பொறுப்பு எங்கே முடிந்தது? இந்த ஆற்றங்கரையில் முடிந்தது என்கின்றது ஒரு கல்வெட்டு.

பாறையிலிருந்து கரையேறினால், அண்மையிலேயே கீழூர் வீரட்டானேசுவரர் கோயில் உள்ளது. சிவபெருமானின் வீரச்செயல்கள் நிகழ்ந்தனவாகக் கூறப்படும் அட்ட வீரட்டங்களுள் ஒன்று; அந்தகாசுரனை அழித்த தலம் என்பது புராணம். அங்குள்ள முதலாம் இராசராசன் காலத்துச் செய்யுட் கல்வெட்டு, கபிலர் பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையனுக்கு மணமுடித்துத் தந்துவிட்டு, பெண்ணையாற்றின் நடுவே தீப்புகுந்தார் என்றும், அவ்விடம் ‘கபிலக்கல்’ என்றும் கூறுகின்றது. ஆனால் கபிலர் வடக்கிருந்து உயிர்நீத்தார் என்று கூறும் மரபும் உண்டு. பாரி மகளிரை ஔவையார் மணமுடித்து வைத்தார் என்று வேறு கதையும் வழங்குகின்றது. எதனை நம்புவது? கபிலருக்கும் இக்கல்வெட்டுக்கும் இடையே சற்றேறக்குறைய எண்ணூறு ஆண்டுகள் உள்ளன. கல்வெட்டுக்கும் நமக்கும் இடையே ஆயிரம். ஆகவே நேரில் கண்டவரின் வாக்குமூலமாக இதனைக் கொள்ளுதல் இயலாது. எனினும், சோழர் காலத்து மக்கள் ஆற்றுக்குள் இருந்த ஒரு கல்லைக் காட்டி ‘இதுவே அந்த இடம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தனர் என்பது உறுதி. ஒரு புலவனின் இறுதியை ஓர் ஊர் எண்ணூறு ஆண்டு மறவாதிருந்தது என்பதே எனக்குப் பெரிய வரலாற்றுச் செய்தியாகப் படுகின்றது.

அதே கல்வெட்டில் இன்னொரு தீயும் எரிகின்றது. இராசராசனின் தாயாகிய வானவன்மாதேவி மலையமான் குலத்துப் பெண். கணவன் சுந்தரசோழன் இறந்தபோது, பால்குடி மறவாத குழந்தையையும் பிரிந்து அவள் உடன்கட்டை ஏறினாள் என்று அது புகழ்ந்து பாடுகின்றது. புகழ்ச்சியை நான் ஏற்கவில்லை. தாயைப் பிரிந்த அக்குழந்தையை நினைக்கும்போது மனம் கனக்கின்றது. ஆயினும் தஞ்சைப் பெரிய கோயிலைக் காணச் செல்லும் மாணவர், அதனை எடுப்பித்த பேரரசன் இவ்வூர்க்குடியின் மகள்வயிற்றுப் பேரன் என்பதை அறிந்து செல்வது நன்று.

மலையமான் குடியின் குழந்தைகள் வேறொரு முறையும் சாவின் வாயிலில் நின்றிருக்கின்றனர். சோழன் கிள்ளிவளவன் மலையமான் மக்களை யானைக் காலில் இடுவிக்க முற்பட்டபோது, கோவூர்கிழார் குறுக்கிட்டுக் காத்தார். கொல்ல வந்த யானையைக் கண்டு, அஞ்சத் தெரியாமல், அக்குழந்தைகள் அழுகையை மறந்து நின்றனவாம். புறநானூற்றின் 46ஆம் பாடல் இதனைப் பேசுகின்றது. நீங்களே எடுத்துப் படியுங்கள். பெரியபுராணத்து மெய்ப்பொருள் நாயனாரும் திருக்கோவலூரில் ஆண்டவரே. திருநீறு பூசி வேடமிட்டு வந்த பகைவனால் குத்துண்டு விழுந்தும், அவனை ஊர் எல்லை வரை தீங்கின்றிக் கொண்டுபோய் விடுமாறு காவலன் தத்தனுக்குப் பணித்தவர் அவர்.

காரியின் அரண்மனையைத் தேடி வருவோர் ஏமாறுவர். மலையமான்களின் செப்புக் காசுகள் கிடைத்துள்ளன. அவற்றில் குதிரை உருவம் காணப்படுகின்றது. காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர் என்பதை நினைவிற் கொண்டால் அக்காசு உயிர்பெறும்.

கீழூரிலிருந்து கடைத்தெரு வழியாக நடந்தால் நண்பகலுக்குள் மேலூரை அடையலாம். பதினொரு நிலைக் கோபுரம் நெடுந்தொலைவிலேயே வழிகாட்டிவிடும். உலகளந்த பெருமாள் ஒரு திருவடியை மண்ணில் ஊன்றி மற்றொன்றை விண்ணில் ஓங்கி நிற்கின்றார். காலடியால் உலகை அளந்த கடவுளின் ஊரில், நடந்து களைத்தேன் என்று சொல்ல நமக்கு நாவெழாது! மழைபொழியும் ஓர் இரவில், ஒருவர் படுக்கவும் இருவர் இருக்கவும் மூவர் நிற்கவும் மட்டுமே இடங்கொண்ட இடைகழியில் பொய்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும் பேயாழ்வாரும் சந்தித்தனர் என்பது வைணவ மரபு. மூன்று திருவந்தாதிகளும் அந்நெருக்கத்திற் பிறந்தன என்பர். சைவத்தின் வீரட்டமும் வைணவத்தின் இடைகழியும் ஒரே ஊருக்குள், ஒருவர் காலையில் ஒன்றையும் நண்பகலில் மற்றதையும் கண்டுவிடக்கூடிய அண்மையில் இருப்பதை நூல்கள் தனித்தனி அதிகாரங்களில் எழுதிவிடுகின்றன. நடப்பவனுக்கே அந்த அண்மை புலப்படும்.

வெயில் தாழ்ந்தபின் ஆற்றைக் கடந்து வடகரை செல்லவேண்டும். அங்கே அறையணிநல்லூர், பாறைமீது அமைந்த சிவன் கோயில், ஞானசம்பந்தர் பாடிய தலம். இவ்விடத்திலிருந்தே அவர் அண்ணாமலையைக் கண்டு வணங்கினார் என்பர்.

1896ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் இக்கோயிலுக்கு ஒரு சிறுவன் நடந்து வந்தான். வேங்கடராமன் என்பது அவன் பெயர்; வயது 16. மதுரையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டவன். விழுப்புரம் வந்து, கையிலிருந்த காசுக்கு மாம்பழப்பட்டு வரையில்தான் இரயிலில் வர முடிந்தது. அங்கிருந்து சுமார் 10 மைல் நடந்து அறையணிநல்லூரை அடைந்தான். அன்றிரவே முக்கால் மைல் நடந்து கீழூர்க் கோயிலுக்கு வந்தான். நாம் காலையில் கண்ட அதே கோயில்தான். மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டில் அவனுக்கு உணவு கிடைத்தது. காதிலிருந்த கடுக்கன்களை அவரிடம் அடகு வைத்து 4 ரூபாய் பெற்றான். பின்னாளில் இரமண மகரிஷி என்று உலகம் அறிந்தது அச்சிறுவனையே.

திருக்கோவிலூர் இரயில் நிலையம் ஆற்றின் வடகரையில்தான் உள்ளது. அவன் அந்நிலையத்திற்குச் செல்லும்போது அடகுச் சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டான். இரவை நிலையத்திலேயே கழித்து, செப்டம்பர் 1ஆம் நாள் காலை வண்டியில் திருவண்ணாமலைக்கு ஏறினான்.