எல்லை தாண்டிய அழைப்பு
அத்தியாயம் 6: யார் போவது?

சென்ற வாரம்: 1902இல் யாழ்ப்பாணம் போன வேதநாயகம் சாமுவேல் அசரியா, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் கடல் தாண்டி ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். அவர்களைவிடப் பல மடங்கு பெரிய திருநெல்வேலித் திருச்சபை அப்படி ஒருவரையும் அனுப்பவில்லை. அந்த வெட்கத்தோடு ஊர் திரும்பினார்.

மத்திகிரியில் ஒரு மளிகைக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். ஓசூர்த் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, நெல்லை, தூத்துக்குடிப் பக்கமிருந்து இங்கே குடியேறியவர்களுக்கு முதல் சில மாதங்கள் லேசில் மறக்காது. வீட்டுக்காரர் தெலுங்கில் கேட்பார், பால்காரர் கன்னடத்தில் பேசுவார். ஊரில் வாய் ஓயாதவரும் இங்கே பேச்சில்லாமல் நிற்பார்.

அந்தத் தென்சீமையின் வெள்ளாளன்விளையில், 1874இல், ஒரு கிராமத்துக் குருவானவரின் மகனாகப் பிறந்தவர் அசரியா. வயது 35ஐத் தொடும் நேரத்தில் மனைவி மக்களோடு தெலுங்கு நாட்டுக்குப் புறப்பட்டார். கூடுதல் சம்பளம் தேடிப் போன பயணமல்ல அது. இருந்த நல்ல வேலையையும் விட்டுவிட்டுப் போனார்.

நடந்தது இதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பிய மறு வருஷமே, 1903இல், அவரும் நண்பர்களும் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்தியர் பணம், இந்திய ஊழியர், இந்தியர் நிர்வாகம் என்பது அதன் விதி. பனைத்தொழிலில் உடம்பு தேய்ந்த குடும்பங்கள் நிறைந்த சபை அது. அந்த மக்களின் காணிக்கையில், நிஜாம் அரசின் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர் போனார்கள். 1905 கிறிஸ்துமஸ் அன்று வங்காளத்தின் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் பிறந்தபோதும் அசரியா முன்வரிசையில் இருந்தார். ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகச் சுற்றி, கல்லூரி மாணவர்களிடம் “புறப்படுங்கள்” என்றார்.

படித்த இளைஞர்கள் உருகிக் கேட்டார்கள். ஆனால் ரயில் நிலையத்தைத் தாண்டினால் வண்டிப்பாதைதான் என்றிருந்த தெலுங்குக் கிராமங்களுக்குப் போகத் தயங்கினார்கள்.

அப்போதுதான், பிறரிடம் இத்தனை ஆண்டுகள் கேட்ட கேள்வி அவரிடமே திரும்பியது: நீ ஏன் போகவில்லை?

மறுக்கக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் பி.ஏ. பட்டம் கைக்கு வரவில்லை. கடைசித் தேர்வு நேரத்தில் உடம்பு படுத்திவிட்டது. இயல்பில் கூச்சமுள்ளவர். தெலுங்கு தெரியாது. 1898இல் வரதட்சணை வாங்காமல் மணந்த அன்பு மரியம்மாளும் பிள்ளைகளும் அவரை நம்பி இருந்தார்கள். “நான் எம்மாத்திரம்? எனக்குப் பேச வராதே” என்று எரியும் முட்செடியின் முன் நின்று பின்வாங்கிய மோசேக்கு இருந்த காரணங்களைவிட இவை குறைந்தவை அல்ல.

இங்கேதான் அசரியாவின் வாழ்க்கை நமக்கு ஒன்றைக் கற்றுத் தருகிறது. “எனக்குத் தகுதி உண்டா?” என்று நாம் கேட்கும்போது பார்வை நம்மீதே நிற்கிறது. காத்திருக்கும் மனிதர்கள் கண்ணில் படுவதில்லை. அந்தக் கேள்விக்கு விடை கண்டுவிட்டு அசரியா கிளம்பவில்லை. அதை ஓரமாக வைத்துவிட்டு, “வேறு யார் போவது?” என்ற கேள்விக்குப் பதில் சொன்னார். சந்தேகம் தீர்ந்தபின் கீழ்ப்படிவது எளிது. சந்தேகத்தையும் கூடவே சுமந்துகொண்டு கீழ்ப்படிவதற்குத்தான் விசுவாசம் வேண்டும்.

1909இல் சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார். குடும்பம் தோர்ணக்கல் போய்ச் சேர்ந்தது. மேடைகளில் ஆயிரம் பேரை அசைத்தவர் பாலபாடத்துக்கு உட்கார்ந்தார். ஒரே ‘க’வை வைத்துக்கொண்டு காலம் தள்ளிய தமிழ் நாவுக்குத் தெலுங்கில் நான்கு ககரங்கள். நான்கையும் தனித்தனியே உச்சரித்துப் பழக வேண்டும். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பழகிய நாக்கு, மாலா, மாதிகா மக்கள் குடியிருந்த சேரிகளில் குழந்தையைப் போல மறுபடி பேசக் கற்றது.

1910 ஜூன் மாதம், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. சுமார் 1,200 பிரதிநிதிகள். ஆசியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அந்தக் கூச்சக்காரர் எழுந்து, வெள்ளைக்கார மிஷனரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் நடுவே உண்மையான நட்பு இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். சிலர் நெகிழ்ந்தார்கள். சிலருக்குக் கோபம் பொங்கியது.

இந்தச் சூழலில்தான் வைட்ஹெட்டின் திட்டம் வெளியே கசிந்தது. அசரியாவைப் பேராயராக்க வேண்டும்! 1814இல் கல்கத்தா பேராயம் தொடங்கியதிலிருந்து ஆங்கிலிக்கன் சபையில் ஓர் இந்தியர்கூட அந்த நாற்காலியில் அமர்ந்ததில்லை.

எதிர்ப்பு கிளம்பியது. ஓர் இந்தியரின் கீழ் ஐரோப்பியக் குருமார் எப்படிப் பணி செய்வது என்று மிஷனரிகள் சிலர் கேட்டார்கள். எதிர்த்தவர்கள் அவர்கள் மட்டுமல்ல. இந்தியக் கிறிஸ்தவர்கள் சிலரும் அந்த அணியில் சேர்ந்தார்கள். சாதியும் அதில் தலைகாட்டியது.

தன் மனம் “உனக்குத் தகுதியில்லை” என்றபோது அசரியா அதை மீறி நடந்துவிட்டார். இப்போது அதே சொல்லை ஊரறியச் சொல்கிறவர்கள் சொந்தச் சபையார். தூக்கிப் பிடிக்கும் பேராயர் ஒரு பக்கம், தடுக்கும் கைகள் மறுபக்கம். தோர்ணக்கல்லில் இருந்த அசரியா எந்தப் பக்கம் சாய்ந்தார்?

(அடுத்த வாரம்: 1912 டிசம்பர் 29, கல்கத்தா)